காற்றின் நாடி பார்த்தவர்

இஞ்சின் இல்லாத விமானத்தில், ஒரே நாளில் இரண்டு தடவை கடலைத் தாண்டிய கிரான்பெல்டின் வாழ்க்கை

காப்பி ஊற்றி வைக்கும் பிளாஸ்க்கு எல்லோருக்கும் தெரியும். சூடு ஆறாமல் இருப்பதற்காகப் பயணத்தின்போது அதை எடுத்துச் செல்கிறோம்.

அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்க்குடன் ஒருவர் வானத்தில் ஏறினார். அதில் காப்பி இல்லை. வெறும் காற்றுதான் இருந்தது. அந்தக் காற்று அவருக்கு வழி காட்டியது!

இஞ்சின் இல்லாத விமானத்தில் 100 கிலோ மீட்டர் தூரம் பறந்த முதல் மனிதர் அவர். அதே போன்ற விமானத்தில் கடலையும் தாண்டினார். உலகம் அவரைப் புகழ்ந்தது. ஆனால் அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, பறக்கக் கூடாது என்று ஓர் அரசாங்கம் தடுத்தது.

அவர் பெயர் ராபர்ட் கிரான்பெல்டு.

வியன்னா வாலிபர்

1904-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி, ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவில் கிரான்பெல்டு பிறந்தார். அவர் யூத குலத்தைச் சேர்ந்தவர்.

அவர் சிறுவனாக இருந்தபோது முதல் உலகப்போர் நடந்தது. 1918-ல் ஜெர்மனி தோற்றது. தோற்ற நாட்டின் கைகளைக் கட்டிப்போட வெற்றி பெற்ற நாடுகள் பல நிபந்தனைகளை விதித்தன. இஞ்சின் வைத்த விமானம் கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

பறக்க ஆசைப்பட்ட ஜெர்மானிய இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. இஞ்சின்தானே கூடாது? இஞ்சின் இல்லாமல் பறப்போம் என்று கிளம்பினார்கள். அப்படிப் பறக்கும் விமானத்துக்குக் கிளைடர் என்று பெயர். மரச்சட்டமும், ஒட்டுப்பலகையும், துணியும் கொண்டு அதைச் செய்தார்கள்.

ஜெர்மனியின் நடுவே வாசர்குப்பே என்று ஒரு மலை இருக்கிறது. அதன் உயரம் 950 மீட்டர். 1920-ம் ஆண்டு முதல் அங்கே கிளைடர் போட்டி நடந்தது. நீளமான ரப்பர்க் கயிற்றைக் கிளைடரின் மூக்கில் மாட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். கவண் கல்லைப்போல் கிளைடர் வானில் பாயும்!

அந்த மலைக்குத்தான் வாலிபர் கிரான்பெல்டு வந்து சேர்ந்தார். பறக்கக் கற்றார். விரைவில் மற்றவர்களுக்குக் கற்றுத் தரும் ஆசிரியராகவும் ஆனார்.

பருந்தும் மனிதனும்

இஞ்சின் இல்லாத விமானம் எப்படி மேலே ஏறும்?

உண்மையில் கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நல்ல கிளைடராக இருந்தால், ஒரு விநாடிக்கு முக்கால் மீட்டர் அளவு இறங்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள காற்றே மேலே போனால்? காற்று விநாடிக்கு 2 மீட்டர் ஏறினால், கிளைடர் அதில் முக்கால் மீட்டரை இழக்கும். மீதி ஒன்றே கால் மீட்டர் லாபம்.

ஓடுகிற ரெயிலுக்குள் ஒருவன் பின்பக்கமாக நடக்கிறான். ஆனாலும் அவன் போக வேண்டிய ஊருக்குத்தானே போகிறான்? அதைப் போலத்தான் இதுவும்.

பருந்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் சிறகை அடிக்காமலேயே வட்டமிட்டு உயரே போகிறது. வெயிலில் சூடான தரையில் இருந்து காற்று தூண்போல் எழும்புகிறது. பருந்து அந்தத் தூணை விட்டு வெளியே போகாமல் சுற்றுகிறது.

கிரான்பெல்டு வந்த காலத்தில், மலைச்சரிவில் மோதி மேலே திரும்பும் காற்றைத்தான் கிளைடர் ஓட்டிகள் பெரும்பாலும் நம்பினார்கள். காற்று அடிக்கும் வரை சரிவின் முன்னால் போவார்கள், வருவார்கள். மலையை விட்டு விலகினால் இறங்க வேண்டியதுதான்.

1926-ல் மாக்ஸ் கேகல் என்பவரின் கிளைடரை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. அது அவரை 55 கிலோ மீட்டர் தூரம் கொண்டுபோய் விட்டது! அவர் உயிர் பிழைத்தார். மேகத்தின் கீழே பலமான ஏறு காற்று உண்டு என்பதை எல்லோரும் கண்டுகொண்டார்கள். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாதே! அதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

உடம்பு சொல்லும் பொய்

உடம்பால் உணர முடியாதா என்று கேட்கலாம். முடியாது.

மாடிக் கட்டிடத்தில் லிப்டில் போயிருப்பீர்கள். அது கிளம்பும்போது வயிற்றில் ஒரு குலுக்கல் தெரியும். நிற்கும்போது மறுபடியும் தெரியும். நடுவில் ஒரே சீராகப் போகும்போது, நாம் ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்றே தெரிவதில்லை. வானத்திலும் அப்படித்தான். மாற்றம்தான் உடம்புக்குத் தெரியும். சீரான ஏற்றம் தெரியாது.

உயரம் காட்டும் கருவி அப்போதே இருந்தது. ஆனால் அந்த முள் மெதுவாக நகரும். அது ஏற்றத்தைக் காட்டுவதற்குள், விமானம் ஏறு காற்றைத் தாண்டி வெளியே போய்விடும்.

பிளாஸ்க்கும் முள்ளும்

வாசர்குப்பேயில் அலெக்சாண்டர் லிப்பிஷ் என்ற விமான அமைப்பாளர் இருந்தார். பலூனில் பறந்தவர்கள் வைத்திருந்த ஒரு கருவியைக் கிளைடரில் பொருத்தலாம் என்று அவர் யோசனை கூறினார். அந்தக் கருவியின் பெயர் வேரியோமீட்டர். அந்த யோசனையைச் செயலில் காட்டிய முதல் வீரர்களில் ஒருவர் கிரான்பெல்டு.

கருவி எளிமையானது. ஒரு பிளாஸ்க்கு. அதன் வாயில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் முள் வைத்த கடிகாரம் போன்ற பெட்டி. காற்று புகுந்து வெளிவர மிகச் சிறிய வழி.

மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும் அல்லவா? உடனே பிளாஸ்க்கில் உள்ள காற்று வெளியே கசியும். முள் ஏற்றத்தின் பக்கம் சாயும். கீழே இறங்கினால் வெளிக்காற்று உள்ளே புகும். முள் இறக்கத்தின் பக்கம் சாயும். ஒரே உயரத்தில் நின்றால் உள்ளும் வெளியும் சமம். முள் நடுவில் நிற்கும்.

சாதாரணப் பாட்டில் போதாதா? போதாது. வெயில் பட்டால் பாட்டிலில் உள்ள காற்று சூடாகி விரியும். முள் பொய் சொல்லும். காப்பியின் சூட்டைக் காப்பாற்றும் பிளாஸ்க்கு, காற்றின் சூட்டையும் மாறாமல் வைக்கும்.

வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். கிரான்பெல்டு அந்த முள்ளைப் பார்த்துக் காற்றின் நாடியை அறிந்தார்.

1928-ல் நடந்த போட்டியில், வாசர்குப்பேயில் இருந்து இம்மல்துங்க்பெர்க் என்ற மற்றொரு மலைக்குப் போய், தரையில் இறங்காமல் திரும்பி வந்தார். இடையிலே பள்ளத்தாக்கு. அங்கே தாங்கிப்பிடிக்க மலைச்சரிவு கிடையாது. வெள்ளை மேகங்களின் அடியில் எழும்பிய காற்றைப் பிடித்துப் பிடித்தே அவர் அதைக் கடந்தார்.

5 ஆயிரம் மார்க்கு பரிசு

100 கிலோ மீட்டர் தூரம் பறக்கும் முதல் கிளைடர் வீரருக்கு 5 ஆயிரம் மார்க்கு பரிசு தருவதாக, 'குரூனே போஸ்ட்' என்ற ஜெர்மானியப் பத்திரிகை அறிவித்து இருந்தது.

1929-ம் ஆண்டு மே மாதம் 15-ந்தேதி, டியூட்டோபர்க் காட்டு மலைத் தொடரின் ஓரமாகக் கிரான்பெல்டு பறந்து, 100 கிலோ மீட்டரைத் தாண்டினார். பரிசு அவருக்கே!

அதோடு அவர் நிற்கவில்லை. 'வீன்' என்ற கிளைடரை லிப்பிஷ் அவருக்காக வடிவமைத்தார். வியன்னா நகரை ஜெர்மானிய மொழியில் வீன் என்றுதான் சொல்வார்கள். சொந்த ஊரின் பெயரையே கிளைடருக்குச் சூட்டிக்கொண்டார். அதன் இறக்கைகள் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு 19 மீட்டர் நீளம்.

அதே ஆண்டு ஜூலை மாதம், வாசர்குப்பேயில் இருந்து 'வீன்' கிளம்பியது. இடிமேகக் கூட்டம் வந்தது. மற்றவர்கள் அஞ்சும் மேகத்தின் முன்னால், அது தள்ளிக்கொண்டு வரும் ஏறு காற்றில், கிரான்பெல்டு சவாரி செய்தார். அந்த மாதத்திலேயே 150 கிலோ மீட்டர் தூரத்தையும் எட்டிவிட்டார். 2 ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினார்.

மறு ஆண்டு இங்கிலாந்துக்குப் போய்ப் பறந்து காட்டினார். அங்கே கிளைடர் மோகம் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடலைத் தாண்டினார்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஆங்கிலக் கால்வாய் என்ற கடல் இருக்கிறது. மிகக் குறுகிய இடத்திலும் அதன் அகலம் சுமார் 34 கிலோ மீட்டர். கிளைடரில் அதைத் தாண்டிப் போய், திரும்பியும் வருபவருக்கு ஆயிரம் பவுன் பரிசு என்று 'டெய்லி மெயில்' பத்திரிகை அறிவித்தது.

கடல் தரையைப் போல் சீக்கிரம் சூடாவது இல்லை. அங்கே ஏறு காற்றை நம்ப முடியாது. கையில் இருக்கும் உயரம்தான் முதல். அதைச் செலவழித்தே அக்கரை சேர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்து நல்ல கிளைடர், தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு தூரம் சறுக்கிப் போகும். 34 கிலோ மீட்டர் போக 1,700 மீட்டர் உயரமாவது வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் அதிகம் வேண்டும். கணக்கு தப்பினால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும்!

1931-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந்தேதி, இஞ்சின் விமானம் ஒன்று 'வீன்' கிளைடரைக் கயிற்றால் கட்டி உயரத்துக்கு இழுத்துச் சென்றது. கயிறு கழன்றது. பிரான்சுக் கரையில் இருந்து கிரான்பெல்டு இங்கிலாந்தின் டோவர் கரைக்கு வந்து இறங்கினார். அன்றே மறுபடியும் கிளம்பி, பிரான்சுக்குத் திரும்பினார். ஆயிரம் பவுன் பரிசு கிடைத்தது.

உடைந்த இறக்கை

பிறகு அவர் 'ஆஸ்திரியா' என்ற ராட்சத கிளைடரில் பறந்தார். அதன் இறக்கை நீளம் 30 மீட்டர்! மெதுவாகவும் மென்மையாகவும் பறப்பதற்காக அமைக்கப்பட்டது அது.

1932-ல் ஒரு பெரிய மேகத்துக்குள் அந்த விமானம் புகுந்தது. உள்ளே பேய்க்காற்று. நீண்ட இறக்கைகள் அதைத் தாங்கவில்லை. விமானம் உடைந்தது. கிரான்பெல்டு பாரசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

எந்தக் காற்றைத் தேடி அவர் போனாரோ, அந்தக் காற்றே விமானத்தை உடைத்தது. வேரியோமீட்டரின் முள் ஏற்றத்தைக் காட்டும். இறக்கை எவ்வளவு தாங்கும் என்பதை அது காட்டாது.

பறக்கத் தடை

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் விமானம் ஓட்டக் கூடாது என்று தடை வந்தது.

ஜெர்மனியின் கிளைடர் கலைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் கிரான்பெல்டு. அந்த வாசர்குப்பே மலையில் அவருக்கு இனி இடம் இல்லை! அவர் ஆஸ்திரியாவுக்குத் திரும்பினார். பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார்.

அங்கே சும்மா உட்காரவில்லை. குறைந்த செலவில் பறக்கும் சின்னஞ்சிறு விமானங்களைச் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் அந்தக் கம்பெனிக்கு அவர் பெயரே வந்தது. அது செய்த விமானத்துக்கு 'டிரோன்' என்று பெயர். இன்று ஆள் இல்லாமல் பறக்கிறதே, அந்த டிரோன் அல்ல; ஆள் உட்கார்ந்து ஓட்டும் விமானம்.

1939-ல் அவர் பிரிட்டிஷ் பிரஜை ஆனார். அதே ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, போர்வீரர்களை ஏற்றிச் செல்லும் பெரிய கிளைடர்களைச் சோதித்துப் பார்க்கும் பணியைச் செய்தார். அதற்காக விமானப் படையின் சிலுவைப் பதக்கம் பெற்றார்.

கடைசிப் பயணம்

போர் முடிந்த பிறகும் சோதனைப் பணியை அவர் விடவில்லை. ஜெனரல் ஏர்கிராப்ட் என்ற கம்பெனி, வால் இல்லாத ஒரு புதுமாதிரி கிளைடரைச் செய்து இருந்தது. அதன் குணம் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. அதை அறிவதற்காகவே அவர் பறந்தார்.

1948-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி. கிரான்பெல்டும் ஒரு துணைவரும் அந்த விமானத்தில் ஏறினார்கள். வேகத்தைக் குறைத்துச் சோதித்தபோது விமானம் கட்டுக்கு அடங்காமல் தலைகீழாகப் பாய்ந்தது. துணைவர் பாரசூட்டில் குதித்துப் பிழைத்தார். கிரான்பெல்டு குதிக்கவில்லை. தெற்கு இங்கிலாந்தில் உள்ள லோயர் பிராயில் என்ற கிராமத்தில் விமானம் விழுந்து நொறுங்கியது.

அவருக்கு அப்போது வயது 43.

இன்றைய கருவி

கிரான்பெல்டின் பிளாஸ்க்கு இன்று என்ன ஆயிற்று?

மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. பல கருவிகளில் பிளாஸ்க்கே கிடையாது. அழுத்தத்தை ஒரு சிறு சில்லே அளந்துவிடுகிறது. அதோடு கணக்குப் போடும் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. கடையில் விதவிதமாக விற்கிறார்கள். கிளைடர் வாங்கியவருக்கு எதை வாங்குவது என்றே குழப்பம்!

அனுபவம் உள்ளவர்கள் முதலில் பார்ப்பது, கருவி பொய் சொல்லாமல் இருக்கிறதா என்பதை. ஓட்டுகிறவர் பிடியைத் தன் பக்கம் இழுத்தால், விமானம் வேகத்தைச் செலவழித்துச் சற்று மேலே தாவும். அது ஏறு காற்றின் வேலை அல்ல. ஆனாலும் பழைய முள் ஏற்றம் என்று காட்டும். இந்தப் பொய்யைக் கழிப்பதற்காக, இப்போது விமானத்தின் வால் பக்கம் ஒரு தனிக் குழாய் வைக்கிறார்கள். அல்லது கருவியே வேகத்தையும் சேர்த்து அளந்து கழித்துக்கொள்கிறது. குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் உளறும்.

இரண்டாவது, ஒலி. ஏற்றம் அதிகமானால் சத்தம் உயர்ந்து கேட்கும். காது அதைக் கவனிக்கும். கண் வெளியே பார்க்கும். ஒரே காற்றுத் தூணில் நாலைந்து கிளைடர்கள் சுற்றும்போது, முள்ளையே பார்த்துக்கொண்டு இருந்தால் மோதல்தான். நல்ல ஒலி உள்ள கருவி உயிரைக் காக்கும்.

மூன்றாவது, சராசரி. முள் ஒரு நொடி துள்ளும், ஒரு நொடி விழும். கடந்த அரை நிமிடத்தில் மொத்தத்தில் எவ்வளவு ஏறினோம் என்று காட்டும் எண் இருந்தால், இந்தக் காற்றில் தங்கலாமா, விட்டுப் போகலாமா என்று முடிவு செய்யலாம்.

நான்காவது, கம்ப்யூட்டர். ஆங்கிலக் கால்வாயில் உயரத்தை வைத்துத் தூரத்துக்குப் போட வேண்டிய கணக்கை இது போடும். செயற்கைக்கோள் மூலம் இடத்தை அறிந்து, காற்றின் திசையையும் கணித்து, ஊர் போய்ச் சேர உயரம் போதுமா என்று சொல்லும். எவ்வளவு வேகத்தில் போனால் லாபம் என்றும் சொல்லும். இந்த வேகக் கணக்கைக் கருவியின் மேல் ஒரு வளையமாக அமைத்துத் தந்தவர் பால் மக்கிரடி என்ற அமெரிக்கர். 1956-ல் கிளைடர் உலகப் போட்டியில் முதல் இடம் பெற்றவர் அவர்.

பிறகு சில்லறை விஷயங்கள். ஆனால் சில்லறை என்று விட்டுவிட முடியாது. கிளைடரின் பலகையில் கருவிக்கு உள்ள துவாரம் 57 மில்லி மீட்டர், அல்லது 80 மில்லி மீட்டர் இருக்கும். அதற்குப் பொருந்த வேண்டும். வெயிலில் எழுத்து தெரிய வேண்டும். பறக்கும்போது பத்துப் பொத்தான்களைத் தடவும்படி இருக்கக் கூடாது. பாட்டரி தீர்ந்தால் மின்கருவி ஊமையாகிவிடும். ஆகவே பிளாஸ்க்கு வைத்த பழைய கருவி ஒன்றையும் பலர் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை வாங்குகிறவர், தம் சங்கத்தில் பலரிடம் இருக்கும் கருவியையே வாங்கினால் சந்தேகம் கேட்க ஆள் இருக்கும்.

முள் சொல்லாதது

இவ்வளவு வந்த பிறகும் ஒன்று மாறவில்லை. அடுத்த மேகத்தின் கீழே எவ்வளவு பலமான காற்று கிடைக்கும்? அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மக்கிரடியின் கணக்குக்கு அந்த எண் வேண்டும். வானத்தைப் பார்த்து, யோசித்து, அந்த எண்ணைப் போடுகிறவர் ஓட்டுகிறவர்தான். தவறான எண்ணைப் போட்டால், தவறான பதிலைக் கருவி வெகு துல்லியமாகச் சொல்லும்!

உடம்பு உணராததைக் கருவி உணரும். அது வரைக்கும் அதை நம்பலாம். மேகத்துக்குள் போகலாமா, கூடாதா. கடலைத் தாண்டலாமா, கரையிலேயே நிற்கலாமா. இதை எல்லாம் மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். கருவி வாங்குகிறவர்கள், அது எதைச் சொல்லும் என்பதோடு, எதைச் சொல்லாது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். கிரான்பெல்டின் வெற்றியும், உடைந்த 'ஆஸ்திரியா' விமானமும் காட்டுவது இதைத்தான்.

அவர் இறந்த பிறகு, கிளைடர் வீரர்கள் கூடுவதற்காக லண்டனில் அமைந்த ஒரு சங்கத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். ஒரு நாடு பறக்கக் கூடாது என்று விரட்டியது. அவரை ஏற்றுக்கொண்ட நாடு அவர் பெயரைக் காப்பாற்றியது.

இன்று எந்த நாட்டிலாவது ஒரு கிளைடர், ஏறு காற்றைப் பிடித்துப் பருந்தைப்போல் வட்டமிட்டு உயரே போகிறது என்றால், அதன் உள்ளே ஒரு முள் அசைகிறது. அந்த முள்ளை நம்பி மலையை விட்டு விலகிய முதல் வீரர்களில் ஒருவர், வியன்னாவில் பிறந்த ராபர்ட் கிரான்பெல்டு.